இடது பொத்தான்

காலை ஆறு மணி ஷிப்டுக்காகக் காட்டேரிக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து சேதராப்பட்டில் இறங்கும்போதே என் தோள் வலிக்கத் தொடங்கிவிடும். ஷெட்டுக்குள் எட்டு பிரஸ் இயந்திரங்கள், எட்டுப் பெண்கள். கதவுக் கீலுக்கான தகட்டை அச்சில் வைத்து, கையை வெளியே எடுத்து, இருபுறமும் உள்ள பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். அப்போதுதான் மேலிருந்து இரும்புத் தலை இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் ஒரு விரல்கூட அச்சுக்குள் இருக்க முடியாது. இயந்திரத்தைச் செய்த யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் விரல்களை நினைத்துப் பார்த்திருக்கிறான்.

சித்திரையில் முதலாளி ராஜ்மோகன் சென்னையிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். சின்னத் தொழில்களை மேம்படுத்தித் தருபவராம். மூன்று நாள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று செல்போனில் நேரம் பிடித்தார். தகட்டு அடுக்கைக் கைக்கெட்டும் தூரத்துக்கு நகர்த்தினார். அது நல்லதுதான், குறை சொல்லமாட்டேன். பிறகு சுவரில் வெள்ளைப் பலகை மாட்டினார். நிமிடத்துக்குப் பன்னிரண்டு கீல் அடித்த நாங்கள் இனிப் பதினெட்டு அடிக்க வேண்டும். அடித்தால் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி, இல்லையென்றால் சிவப்பு. மூன்று சிவப்பு வாங்கிய வள்ளியம்மாளை நிறுத்திவிட்டு அந்த இடத்துக்குச் சுகன்யாவை எடுத்தார்கள்.

ஈர்க்குச்சி அதற்குப் பிறகு வந்தது. விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை ஒடித்து இடது பொத்தானின் ஓரத்தில் செருகினால் பொத்தான் அமுங்கியே நிற்கும். வலது கையால் அமுக்கிக்கொண்டே இடது கையால் தகட்டை வைக்கலாம், எடுக்கலாம். யாரும் கற்றுத்தரவில்லை, பயம் கற்றுத்தந்தது. முதலாளி தினமும் பார்த்துக்கொண்டேதான் நடந்தார். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும், “குச்சிய எடுத்துடுங்கம்மா” என்பார்.

சுகன்யாவின் பெயருக்கு நேரே இரண்டு சிவப்பு விழுந்த அன்று, அவளுக்குக் குச்சி ஒடித்துக் கொடுத்தது நான்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கத்தவில்லை. “தனக்கொடி அக்கா” என்று மட்டும் கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தபோது இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. குச்சி பொத்தானில் அப்படியே இருந்தது.

மறுநாள் ஷிப்டு தொடங்கும்போது முதலாளி எங்கள் ஏழு பேரையும் பலகைக்கு முன்னால் நிற்கவைத்தார். கையில் ஒரு தாள்.

“சுகன்யா தானா குச்சி வச்சிருக்கா, கம்பெனிக்கு எதுவும் தெரியாது. அதான் எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு மிஷினப் போடுங்க.”

“போட்டா அவளுக்கு இன்னா கெடைக்கும் சார்?” என்று ஜெயசுதா கேட்டாள்.

“ஆஸ்பத்திரி செலவ நான் பாத்துக்கறேன். வேற இன்னா வேணும்?”

“நஷ்ட ஈடு வேணும் சார். ரெண்டு வெரலு போயிருக்கு.”

“இந்தக் கம்பெனி போச்சுன்னா உங்க ஏழு பேரு வூட்லயும் அடுப்பு எரியாது. அத்த யோசிங்க.”

கையெழுத்துப் போட்டால் குற்றம் சுகன்யாவோடு போய்விடும், என்னை ஒருவரும் கேட்கமாட்டார்கள். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், ஒரு நொடி அந்தத் தாள் எனக்கு நிம்மதி தந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பேசவைத்தது.

“அந்தக் குச்சி நான் குடுத்தது சார்.”

“இன்னா?”

“நான் குடுத்தேன். நீங்களும் பாத்தீங்க. இப்பதான் இந்தப் பொண்ணு தேறிட்டான்னு சொல்லி நீங்களே பச்சைப் புள்ளி வச்சீங்க.”

“அப்ப கேஸு உம்மேலதான் வரும். புரியுதா?”

“புரியுது சார்.”

அவர் தாளை மேசைமேல் வைத்தார். “மொதல்ல வேலயப் பாருங்க. மதியம் கையெழுத்து வாங்கிக்கறேன்.”

என் இயந்திரத்துக்கு நடந்தேன். பக்கத்து இயந்திரத்தில் அமுதம். பலகையில் ஒருநாளும் சிவப்பு வாங்காதவள், அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. “வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியாடி?” என்று குனிந்தபடியே சொன்னாள்.

நான் பொத்தானிலிருந்து குச்சியைப் பிடுங்கி முதலாளியின் தாள்மேல் வைத்தேன். திரும்பி வந்து தகட்டை வைத்து, கையை எடுத்து, இரண்டு பொத்தானையும் அமுக்கினேன். தலை இறங்கி ஏறியது.

“இன்னாம்மா பண்றே? எப்பலேர்ந்து ரெண்டு கை?”

“மிஷினு வந்ததுலேர்ந்து சார்.”

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காதால்தான் கேட்டேன். ஷெட் முழுக்கப் பதினெட்டின் வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஜெயசுதா பக்கம் சத்தம் தளர்ந்தது. அதற்கடுத்த இயந்திரமும் தளர்ந்தது. ஒவ்வொருத்தியாக எழுந்துபோய் மேசையில் எதையோ வைத்துவிட்டு வருவது கேட்டது. கடைசியில் அமுதத்தின் இயந்திரம் மட்டும் வேகமாக ஓடியது. முதலாளி அவள் அருகில் போய் நின்றுகொண்டார். நான் அடித்த கீல்களை எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு.

அவள் இயந்திரம் நின்றது. அவள் காலடியும் மேசைப் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு மெதுவாக ஓர் அடி கேட்டது, இடைவெளிவிட்டு இன்னோர் அடி.

முதலாளி செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரை அழைக்கிறார் என்று தெரியவில்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன், கையெழுத்து இல்லாத அந்தத் தாள்மேல் ஏழு குச்சிகள் கிடந்தன. அடுத்த தகட்டை அச்சில் வைத்து, கையை எடுத்தேன். இரண்டு கையாலும் பொத்தான்களை அமுக்கினேன்.