சக்கரை கொடுத்த டாக்டர்

வெண்மதி சித்த மருத்துவம் படித்து, மூன்று வருடம் வேறொருவரின் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்தமாக ஒன்று திறந்தாள். மாடியில் இரண்டு அறை. கீழே ஜெராக்ஸ் கடை. முதல் மாதம் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்து தப்பாக மாடி ஏறியவர். ஏறின வேகத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. விடாமல் உட்காரவைத்து நாடி பார்த்து அனுப்பினாள்.

"இப்படியே போனா சரிப்படாது மதி," என்றான் அண்ணன் செம்பியன். "நீ வைத்தியத்தைப் பாரு. வியாபாரத்தை என்கிட்ட உடு."

செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் பத்து வருடம் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தவன் அவன். தங்கை கொடுத்த சூரணத்தில் அவனுடைய நெடுநாள் நெஞ்செரிச்சல் போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டான். தன் நெஞ்செரிச்சலே போயிருக்கும்போது உலகத்தில் எந்த வியாதிதான் போகாது என்று நிஜமாகவே நம்பினான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. கொஞ்சம் ஜாஸ்தி நம்புகிறவன், அவ்வளவுதான்.

ஆடி மாதம் வந்ததும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சிதம்பரத்தில் அவன் கூட்டாளி ஒருவன் கல்யாண மண்டபம் வைத்திருந்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடந்தது. அங்கே மூன்று நாள் தங்கும் இயற்கை உணவு முகாம் போடலாம் என்றான் செம்பியன். காலையில் யோகா, மத்தியானம் கஞ்சி, சாயங்காலம் வயிற்றில் ஈர மண் பட்டி, ராத்திரி மறுபடியும் கஞ்சி.

நோட்டீஸுக்கு அவன் எழுதி வந்ததில் முப்பத்திரண்டு வியாதிகள் வரிசையாக இருந்தன. முதுகுவலியில் ஆரம்பித்து முன்கோபத்தில் முடிந்தன. வெண்மதி சிவப்புப் பேனாவால் முப்பத்திரண்டையும் அடித்தாள்.

"அப்புறம் என்னாதான் போடுறது?"

"முகாம் நடக்குதுன்னு போடு."

சேருகிறவர்களுக்கு அவளே ஒரு படிவம் தயார் செய்தாள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த முகாமில் சேரக் கூடாது, தனியாக வந்து பார்க்க வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதினாள். செம்பியன் தலையை ஆட்டினான்.

இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ராமாமிர்தம் என்பவர் ரிட்டையரான சர்வேயர், சிதம்பரத்துக்காரர். மண்டபத்துக்குள் வந்ததும் வராததுமாக, யோகா பாய்களுக்கு நடுவே இடைவெளி ஒரே மாதிரி இல்லை என்று சொல்லி, தானே குனிந்து எல்லாப் பாயையும் நகர்த்தி வைத்தார். முதல் நாள் கஞ்சியைக் குடித்துவிட்டு, "அருமை" என்றார். இரண்டாம் நாள் மத்தியானக் கஞ்சியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்கு வெண்மதி மண் பட்டியோடு கூடத்துக்கு வந்தபோது அங்கே நாலே பேர் இருந்தார்கள். நாலு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மத்தவங்க எங்க?" என்று வாட்ச்மேனைக் கேட்டாள்.

"வாக்கிங் போனாங்க டாக்டர். உங்க அண்ணன்தான் கூட்டிகினு போனாரு."

அவளுக்குச் சந்தேகம் வந்தது. காலையில் மண்டபத்தைச் சுற்றி மூன்று ரவுண்டு நடக்கச் சொன்னதற்கே முனகியவர்கள் அவர்கள். எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினாள். இரண்டு தெரு தள்ளி மங்கலம் அம்மாளின் மெஸ் இருந்தது. இட்லிக்குக் கொதிக்கும் கத்திரிக்காய் கொத்சுவின் வாசனை தெருமுனைக்கே வந்து கூப்பிட்டது. வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. குவியலில் அண்ணனின் நீலச் செருப்பும் இருந்தது.

உள்ளே பதினெட்டு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் இலையில் இட்லி பாதி தீர்ந்திருந்தது. டாக்டரைக் கண்டதும் கை அப்படியே நின்றது. ஒருவர் இலையை மடித்து இட்லியை மூடினார். செம்பியன் வாயில் இருந்ததை அவசரமாக முழுங்கிவிட்டு எழுந்தான்.

"சும்மா பாக்கத்தான் வந்தோம் மதி."

"மீசையில கொத்சு இருக்கு, தொடச்சுக்கோ."

யாரோ சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் மூலையில் இருந்த ராமாமிர்தத்தைப் பார்த்தாள். அவருக்கு இன்னும் இட்லி வரவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தண்ணீர் டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. "சார்" என்று கூப்பிட்டாள். அவர் அவளை அடையாளம் தெரியாதவர்போல் பார்த்தார்.

"சுகர் மாத்திரை போடுவீங்களா?"

கேட்டுக்கொண்டே குனிந்தாள். அவர் சட்டைப் பையில் கைவிட்டாள். மாத்திரை அட்டை வந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய மாத்திரை. காலையிலும் போட்டு, இப்போதும் போட்டிருக்கிறார் என்றார் பக்கத்து இலைக்காரர். நடுவில் கஞ்சியைத் தவிர உள்ளே ஒன்றும் போகவில்லை.

"மங்கலம்மா! தண்ணியில மூணு ஸ்பூன் சக்கரை. சீக்கிரம்!"

டம்ளர் வந்தது. அவர் தலையைத் தாங்கிப் பிடித்து மெதுவாகக் குடிக்கவைத்தாள். மெஸ்ஸே எழுந்து சுற்றி நின்றது. பத்து நிமிடத்தில் வியர்வை அடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ராமாமிர்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "என் இட்லி இன்னும் வரலியா?" என்றார்.

அவரைச் சாப்பிடவைத்து, செம்பியனையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டி, நல்லபடியாக வீட்டில் விட்டாள். அவர் மனைவி ரத்தினம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "சுகர் இருக்குன்னு சொன்னீங்களா இல்லியா?"

ராமாமிர்தம் செம்பியனைப் பார்த்தார். செம்பியன் ஆட்டோவைப் பார்த்தான்.

திரும்பும் வழியில் அவனே சொன்னான். "சொன்னாரு மதி. லேசான சுகர்தான்னாரு. நாந்தான், அப்ப எழுத வேணாம் சார்னேன். இருபத்தி ரெண்டு பேரு சேந்தா நல்லா இருக்குமேன்னு..."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். "அந்த மனுசன் தனியா ரூம்ல விழுந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கே முகாமை முடித்து, எல்லோரிடமும் காரணத்தைச் சொல்லி அனுப்பினாள்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் முகாமுக்கு வந்திருந்த இளவரசு என்ற செல்போன் கடைக்காரர் மெஸ்ஸில் நடந்ததைப் போனில் எடுத்திருந்தார். சர்க்கரை நோயாளி ஒருவர் சாய்ந்து கிடக்கிறார், டாக்டர் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுகிறார், அவர் எழுந்து இட்லி கேட்கிறார். நடுவே வெட்டி ஒட்டிய நாற்பது விநாடிப் படம். கை மாறிக் கை மாறிப் போகும் வழியில் யாரோ அதற்குத் தலைப்பும் வைத்துவிட்டார்கள்: 'சக்கரை வியாதிக்குச் சக்கரையே மருந்து! கடலூர் பெண் டாக்டர் சாதனை!'

திங்கட்கிழமை காலை ஜெராக்ஸ் கடைக்காரர் போன் செய்தார். "டாக்டர், சீக்கிரம் வாங்க. என் கடை ஷட்டரைத் திறக்க வழியில்ல."

மாடிப்படியில் இருந்து ரோடு வரை கூட்டம். வடலூரிலிருந்து ஒரு வேனே வந்திருந்தது. முதல் படியில் உட்கார்ந்திருந்த ராசம்மாள் என்ற பெண்மணி ஒரு கிலோ சர்க்கரையை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார்.

"டாக்டரம்மா, வெள்ளைச் சக்கரை ஆவுமா, நாட்டுச் சக்கரைதான் வேணுமா?"

வெண்மதி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினாள். நடந்தது இன்னதென்று விளக்கினாள். மாத்திரை போட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடும், அந்த ஆபத்துக்கு மட்டும்தான் அது, மற்ற நேரத்தில் அதுவே கெடுதல் என்றாள். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு யாரும் நகரவில்லை.

"ரகசியத்தைப் பொதுவுல சொல்லுவாங்களா?" என்றார் வேனில் வந்தவர்களில் ஒருவர். "தனித்தனியாத்தான் சொல்லுவாங்க. நில்லுங்க."

வெண்மதிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. செம்பியன் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தான். இத்தனை நாளாக அவன் கனவு கண்ட கூட்டம் இதுதான். பிறகு போனை எடுத்து ராமாமிர்தத்தைக் கூப்பிட்டான்.

அவர் அடுத்த பஸ்ஸிலேயே வந்தார், ரத்தினம்மாளோடு. படத்தில் பார்த்த ஆளே நேரில் வந்ததும் கூட்டம் அமைதியானது.

"நான் செத்துப் பொழச்சேன்," என்றார் ராமாமிர்தம். "சுகர் இருக்கிறதை மறைச்சு முகாம்ல சேந்தேன். இந்தம்மா சக்கரை குடுத்தது என் முட்டாத்தனத்துக்கு, என் வியாதிக்கு இல்ல."

"நல்லா கேட்டுக்கங்க," என்றார் ரத்தினம்மாள். "அந்த முட்டாத்தனத்துக்கு மருந்தே இல்ல."

செம்பியனும் நாற்காலியில் ஏறினான். "எழுத வேணாம்னு சொன்னவன் நான். இந்தம்மாவோட அண்ணன். தப்பு எம்மேல." அண்ணன் இத்தனை பேர் முன்னால் இப்படி நிற்பான் என்று வெண்மதி எதிர்பார்க்கவில்லை.

வேன் திரும்பிப் போனது. பாதிப் பேர் கலைந்தார்கள். மீதிப் பேர், வந்தது வந்தோம் என்று மூட்டுவலியையும் மலச்சிக்கலையும் தூக்கம் வராததையும் காட்ட நின்றார்கள். ராசம்மாளுக்குச் சோதித்துப் பார்த்தாள். சர்க்கரை முந்நூற்றுக்கு மேல். அவர் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கே பக்கத்துத் தெரு ஆங்கில மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து அந்த மருத்துவரே போன் செய்தார்.

"நீங்க அனுப்புனவங்களுக்கு இப்ப பரவாயில்ல. என்கிட்ட வர்ற சுகர்காரங்க, சாப்பாடு, நடை எல்லாம் நான் சொன்னா தலையை ஆட்டிட்டுப் போயிடுறாங்க. உங்களுக்கு அவுங்ககூட உக்காந்து பேச நேரம் இருக்கும்போல. அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க சார். எனக்கு நேரம்தான் நிறைய இருக்கு."

இப்படித்தான் அந்தத் தொழில் நிமிர்ந்தது. அவர் அனுப்பினார், இவளும் அனுப்பினாள். ஆறு மாதத்தில் இன்னொரு அறை எடுத்து, யோகா சொல்லித்தர ஒரு பெண்ணையும் வேலைக்கு வைத்தாள். சிதம்பரத்தில் ராமாமிர்தம் தன் தெருக்காரர்களைச் சேர்த்து நடைக் குழு ஒன்று ஆரம்பித்தார். யார் எத்தனை மீட்டர் நடந்தார்கள் என்று வாரா வாரம் வெண்மதிக்கு அனுப்புவார். சென்டிமீட்டர் வேண்டாம் என்று அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

செம்பியனுக்குத் தன் பழைய கூட்டாளிகள் நினைவுக்கு வந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போய்ப் பகலில் தூக்கம் வராமல் புரளுகிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு செம்மங்குப்பத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் அவர்களுக்காக ஒரு வகுப்பு ஏற்பாடு செய்தான். நாற்பது பேர் வந்தார்கள். எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது.

வெண்மதி அவர்களைப் பாயில் படுக்கச் சொன்னாள். கண்ணை மூடச் சொன்னாள். மூச்சை எப்படி இழுத்து எப்படி விடுவது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பத்தாவது நிமிடம் முதல் குறட்டை கேட்டது. பிறகு வலப்பக்கம் ஒன்று, ஜன்னலோரம் இரண்டு. சற்று நேரத்தில் கூடம் முழுவதும் சீராக இரைந்தது.

"என்னா மதி, பாடம் இன்னும் பாதிகூட முடியலியே," என்று கிசுகிசுத்தான் செம்பியன். "எழுப்பட்டுமா?"

"உஷ்! பேசாத."

இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.