ஓரக்கண்

அந்த மானிட்டர் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு முறை என் கையால் சோதித்து, இரண்டு முறையும் படிவத்தில் "மினுக்கல் இல்லை" என்று எழுதி அனுப்பியது அது. இப்போது அதன் சொந்தக்காரரே பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குள் வந்து நின்றார். பஸ் டிரைவராம். ஐம்பதை நெருங்கும் வயதில் கம்ப்யூட்டர் கேம் விளையாட்டு வேறு.

"இவர் முன்னாடியே டெஸ்ட் பண்ணிக் காட்டிடுங்க," என்றார் மேனேஜர். பிறகு என்னைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க குறை இல்லைன்னு அனுப்பினதுல இந்த வருஷம் பதினொண்ணு திரும்பி வந்திருக்கு. இதுலயும் ஏதாவது இருந்துச்சுன்னா உங்கள டெஸ்ட் மேசையில வச்சிருக்க முடியாது. மேல கேக்கறாங்க."

பதினெட்டு வருடமாக அந்த மேசை என்னுடையது. திரையில் ஒரு புள்ளி செத்திருந்தால்கூட வாசலில் இருந்தே சொல்லிவிடுவேன். அதனால் என் சொந்தப் பெயர் மறந்துபோய் எல்லோருக்கும் நான் கழுகு. வாடிக்கையாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பாதிப் பேருக்கு வயரைச் செருகத் தெரியாது. மீதிப் பேருக்கு விளையாட்டில் தோற்றதற்கு ஒரு சாக்கு வேண்டும்.

மினுக்கல் என்று ஒன்று இருப்பது உண்மைதான். விளையாட்டில் படங்கள் ஒரே சீராக வருவதில்லை, ஒரு நொடி வேகமாகவும் அடுத்த நொடி மெதுவாகவும் வரும். கூட நடப்பவருக்காக நடையை மாற்றிக்கொள்வதுபோல மானிட்டரும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். ஓஎல்இடி திரைகளில் அப்படி வேகம் மாறும்போது இருட்டான சாம்பல் நிறம் மட்டும் ஒரு மயிரிழை கூடிக் குறையும். அதுதான் மினுக்கல். சிலதில் தெரியவே தெரியாது, சிலதில் ஆளைப் பாடாய்ப்படுத்தும்.

டிரைவரை இருட்டறைக்கு அழைத்துப் போனேன். நுழையும்போது கதவு நிலையில் இடது தோள் இடித்தது. அந்தக் கதவை அகலப்படுத்தச் சொல்லி மாதக்கணக்கில் கத்துகிறேன், காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. வீட்டிலும் இதே கதைதான். என் மனைவி டம்ளரை எப்போதும் என் கை இடறும் இடத்தில்தான் வைப்பாள். உடைந்தால் என்னை முறைப்பாள்.

மானிட்டரை இணைத்து, டிரைவர் சொன்ன விளையாட்டைப் போட்டேன். நிலத்தடிச் சுரங்கம், சாம்பல் நிறச் சுவர். வேகத்தை ஏற்றி இறக்கினேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். சுவர் சுவராகவே இருந்தது.

"இதோ... இப்ப பாருங்க சார்... இதோ மறுபடியும்."

"எதைப் பாக்கச் சொல்றீங்க அண்ணே? ஒண்ணுமே இல்லையே."

"நேரா பாத்தா அவ்வளவா தெரியாது சார். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு ஓரக்கண்ணால பாருங்க. நாள் பூரா சைடு கண்ணாடியப் பாத்துப் பாத்து எனக்கு அதுதான் பழக்கம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓரக்கண்ணால பாக்கறதெல்லாம் கல்யாணத்தோட விட்டாச்சு அண்ணே."

அவர் சிரிக்கவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க ரெண்டு தடவை இல்லைன்னு எழுதிட்டீங்க. அப்ப குறை என் கண்ணுலதானேன்னு டிப்போவுல சொல்லிட்டு ஒரு வாரமா வண்டி எடுக்கல. பின்னாடி அறுபது பேர் உக்காந்து வர்றாங்க சார், விளையாட்டா? மானிட்டர்லயா, கண்ணுலயான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். கண்ணுலன்னா நான் இனிமே வண்டியத் தொடக்கூடாது."

அவருடைய பிடிவாதத்துக்காக இல்லாவிட்டாலும் அந்தக் குரலுக்காகத் திரும்பினேன். வலப்பக்கச் சுவரில் காலண்டர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, மானிட்டரை இடது ஓரக்கண்ணில் தேடினேன்.

மினுக்கல் இல்லை. மானிட்டரே இல்லை.

இருட்டாகக்கூட இல்லை, அதுதான் விசித்திரம். இருட்டு இருந்திருந்தால் எப்போதோ கவனித்திருப்பேன். காலண்டர் இருந்தது, அதற்கு அப்பால் எதுவும் இல்லை, எதுவும் இல்லாதது ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்டோர் அக்கா ரசீதுக் கட்டோடு வாசலில் வந்து நின்றார். ஸ்டோரில் பெட்டி எண்ணுவதுதான் அவருக்கு வேலை, மானிட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. "என்ன கழுகு, இது கெட்டுப்போன டியூப்லைட்டு மாதிரி இப்படித் துடிக்குது?"

"எங்க அக்கா?"

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து, ரசீதை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இடது விரலைக் காதுக்கு அருகில் நிறுத்தி, ஆட்டிக்கொண்டே மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். ஏறக்குறைய மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் விரல் தெரிந்தது. வலது பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கதவு நிலையும் டம்ளர்களும் திரும்பி வந்த பதினொரு மானிட்டர்களும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன்!

படிவத்தை எடுத்து "மினுக்கல் உண்டு" என்று எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என் கண்ணு நல்லா இருக்கு, இல்ல சார்?"

"உங்க கண்ணு நல்லா இருக்கு அண்ணே. நாளைக்கே வண்டி எடுங்க."

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்கு மனைவியும் கூட வந்தாள். டாக்டரம்மா ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நான் ரொம்ப நேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு வாடிவிட்டதாம்.

"ஓரத்துல இருந்துதான் போகும். நேரா தெரியறதால யாருக்கும் தெரியாது," என்றார். "போனது திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மருந்து காலை ஆறு மணிக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு. டம்ளரை இனிமேல் வலப்பக்கமே வைப்பாளாம். மேசை போனால் போகிறது, ஸ்டோரில் ஏதாவது வேலை தரமாட்டார்களா? குரல் எப்போதும்போல, வீட்டுச் சாமான் பட்டியல் சொல்வதுபோலவே இருந்தது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இவ்வளவு ஆகியிருக்கிறது, இவளுக்கு ஒன்றுமே இல்லையா?

எங்கள் நிறுத்தம் வந்ததா என்று கேட்கக் கழுத்தை முழுதாகத் திருப்பினேன். அவள் முகம் மோவாய்வரை நனைந்திருந்தது. சேலைத் தலைப்பும் நனைந்திருந்தது.

"எப்பல இருந்து அழற?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆஸ்பத்திரில இருந்தே," என்றாள்.