சாலையோரப் பச்சை

மாமனார் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சின்ன மாப்பிள்ளையின் பக்கமாக நாற்காலியை இழுத்தபோது, சாய்ந்திருந்த பெரிய மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வீட்டில் பயிர்ப் பேச்சு வந்தால் இத்தனை காலமும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் வேறு. இன்றைக்கு எல்லாக் கண்களும் மடிக்கணினித் திரையில்.

சின்னவனுக்குச் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துப் பயிரின் நிலையைச் சொல்லும் வேலை. விளைச்சல் எங்கே பொய்க்கும் என்று முன்பே தெரிந்தால் அங்கே அரசின் உதவித் தானியம் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

"பச்சைன்னா செழிப்பு. சிவப்புன்னா காயுது, மாமா."

"ஆகாசத்துல இருந்தே சொல்லிடறீங்களே மாப்ளே. நாங்க வெயில்ல நின்னு என்னத்தக் கண்டோம்."

"என் வழுக்கை தெரியுதான்னு பாரு தம்பி," என்றார் பெரிய மாப்பிள்ளை. மாமியார் மட்டும் சிரித்தாள்.

திரையில் அவருடைய சோள வயல் வந்தது. சாலையை ஒட்டி நூல் பிடித்தாற்போல ஒரு பச்சைக் கோடு. அதற்குப் பின்னால் முழுக்கச் சிவப்பு. கிணறு வற்றத் தொடங்கியதும் இருந்த தண்ணீரையெல்லாம் சாலையோர வரிசைகளுக்கே விட்டிருந்தார். போகிற வருகிற சொந்தக்காரர்கள் பார்க்கிற இடம் அது. 'நம்ம பக்கம் குறையொண்ணும் இல்லை' என்று சங்கக் கூட்டத்திலும் சொல்லிவிட்டார். தலைவர் பேச்சை மீறி யாரும் உதவி கேட்கவில்லை. மேலிருந்து ஒருவன் எட்டிப்பார்ப்பான் என்று யார் கண்டது?

சின்னவனின் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு படத்தைச் சட்டென்று நகர்த்திவிட்டான்.

பலகாரம் தின்ற கையைக் கழுவ எழுந்த பெரிய மாப்பிள்ளையின் பின்னாலேயே வந்தான். "அண்ணே, அந்தப் படத்துல மேகம் மறைச்சிருச்சுன்னு அறிக்கையில போட்டுடறேன். யாருக்கும் தெரியாது. என்ன, இந்தப் பக்கத்துக்குத் தானியம் வர்றது கொஞ்சம் தள்ளிப்போகும். அவ்வளவுதான்."

அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை. இருந்திருந்தால் பொறுத்திருப்பார். இனி ஒவ்வொரு விசேஷத்திலும் தன் மானம் இவன் சட்டைப்பையில் இருக்கும் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. ஊர் பட்டினி கிடக்கும் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கையைத் துடைக்காமலே முன்னறைக்குப் போனார்.

"மாமா, என் வயல் காஞ்சுபோச்சு. சாலையோரம் மட்டும்தான் பச்சை. கூட்டத்துல நான் சொன்னது பொய்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். மாமியார் தரையைப் பார்த்தாள். கிழவர் சின்னவன் பக்கம் திரும்பித் தலையாட்டினார். "சின்ன மாப்ளே கண்ணுக்குத் தப்புமா?"

அதற்கும் அவனுக்கே பாராட்டு.

சின்னவன் திரையைப் பெரிய மாப்பிள்ளையின் பக்கம் திருப்பினான். "எது வரைக்கும் காஞ்சிருக்குன்னு காட்டுங்கண்ணே."

ஈர விரலால் தன் வயலைத் தொட்டார். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பக்கத்து வயல், அதற்கடுத்தது, அதற்கும் அப்பால் என்று சிவப்பு வந்துகொண்டே இருந்தது. எப்படி நிறுத்துவதென்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.