குப்பாயியின் உயரம்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் 1964இல் பிறந்த குப்பாயி, பதின்மூன்று வயதிலும் இரண்டு வயதுக் குழந்தையின் உயரமே இருந்தாள். பேச்சும் புத்தியும் வயதுக்குச் சரியாக இருந்தன. அவளுக்கு முன் பிறந்த மூன்றும் முகம் பார்த்துச் சிரிப்பதற்குள் போய்விட்டதால், அம்மா கங்கம்மா இவளைக் குப்பைமேட்டில் புரட்டியெடுத்து அந்தப் பெயரை வைத்தாள். வேண்டாத பிள்ளை என்று எமனை நம்பவைக்கும் இந்த நாடகம் மற்ற வீடுகளில் ஐந்து வயதோடு முடிந்துவிடும். கங்கம்மாவுக்குத்தான் பயம் விடவில்லை. யார் கேட்டாலும், “குப்பையில கெடந்துச்சு, எடுத்தாந்தேன்” என்பாள். பிறகு உள்ளே போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள். தூக்கத்தில் ஒரு நெல் அளவு வளரும் பிள்ளை, அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் அதே அளவு குறையும்.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கிரேஸ் அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டு, யார் குழந்தை என்று கேட்டார். கங்கம்மா வழக்கம்போலச் சொன்னாள். மறுபடி அளந்தால் ஒரு நெல் குறைந்திருந்தது. கிரேஸ் இரண்டு அளவையும் சீட்டில் எழுதி, டானிக் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் குப்பாயி, “ஒரு தபா பொய்யாவது சொல்லேம்மா, எம்பொண்ணுன்னு” என்றாள். பொன்னேரி வரும்வரை கங்கம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

1977 ஐப்பசியில் இருவரும் ஏரிச் சேற்றில் கையால் துழாவி இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். கங்கம்மாவுக்குத் தொடையளவுத் தண்ணீர், தள்ளி நின்ற குப்பாயிக்குக் கழுத்தளவு. முகத்துவாரம் வழியே கடல்தண்ணீர் ஏறி அவள் வாயைத் தொட்டது. கங்கம்மாவின் கால் சேற்றில் மாட்டிக்கொண்டது. படகிலிருந்த கலியன், “யார் புள்ள அது, முழுவுதே” என்று கத்தினான். பல்லில் கடித்திருந்த பறி, இறால் போடும் ஓலைக்கூடை, தண்ணீரில் விழ, கங்கம்மா சொன்னாள்: “எம்பொண்ணு. நான் பெத்த பொண்ணுடா அது.”

தண்ணீர் குப்பாயியின் மார்புக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு, பிறகு தொடைக்கு. தண்ணீர் இறங்கவில்லை, அவள்தான் ஏறினாள். போட்டிருந்த சின்னப் பாவாடை பத்தாமல் போக, கலியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டை வீசினான். அவள் நடந்து வந்து அம்மாவைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டாள்.

எட்டு நாள் கங்கம்மா அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. அப்பா பரசுராமன் குடிசை வாசலை இரண்டு முறை பிரித்து உயர்த்திக் கட்டினார். எங்கள் குப்பத்தில் குனியாமல் நுழையும் வாசல் அது ஒன்றுதான். போதும், கூரை இடிக்கும் என்று ஊரே சொல்லியாயிற்று. குப்பாயி விடுவதில்லை. “இன்னொரு தபா சொல்லும்மா” என்பாள். கங்கம்மாவும் சொல்வாள்.