தலையில்லாத பாம்பு

வாள் மாற்றும் நேரம் வந்ததும் கூடத்தில் இருந்தவர்கள் பீர் குடித்துக்கொண்டிருந்த கொம்புக் குவளைகளைக் கீழே வைத்தார்கள். மாப்பிள்ளை ஓட்கெல் தன் முன்னோரின் வாளை மணப்பெண் ஹல்பேராவிடம் தர வேண்டும். பிறக்கப்போகும் மகனுக்காக அவள் அதைக் காத்து வைப்பாள். பதிலுக்கு அவள் வீட்டு வாள் அவனுக்குப் போகும்.

அவன் மேல் அவளுக்கு எப்போதுமே நம்பிக்கை இல்லை. அவள் தம்பி ஐஸ்தீனோடு ஒரே படகில் கடல் தாண்டிப் போனவன், தனியாகத் திரும்பி வந்தான். பிராங்கு நாட்டுச் சந்தையில் பிரிந்துவிட்டோம் என்றான். ஊரே நம்பியது, அப்பா வேமுந்த் உட்பட. அவளுக்கு மட்டும் அந்தப் பேச்சு தொண்டையில் முள்ளாகவே நின்றது.

"தாத்தா கல்லறை மேட்டைத் தோண்டி எடுத்தேன்," என்று ஓட்கெல் வாளை நீட்டினான்.

"வாளை வளைச்சுத்தானே புதைச்சிருப்பாங்க?" என்றாள் ஹல்பேரா.

"கொல்லன்கிட்ட கொடுத்து நிமித்தினேன். கைப்பிடியும் புதுசு போட்டாச்சு. கல்யாணத்துல கேக்குற கேள்வியா இது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆள் செத்தால் வாளும் சாக வேண்டும் என்று வளைத்துப் புதைப்பது அங்கே வழக்கம். முறுக்கிய இரும்புக் கம்பிகளைச் சேர்த்து அடித்த அலகு அது. எந்தக் கொல்லன் நிமிர்த்தினாலும் வளைந்த இடத்தில் வடு நிற்கும். விரலால் நுனிவரை தடவிப் பார்த்தாள். ஒரு வடுவும் இல்லை.

புளுகுகிறான். அப்படியானால் இது யாருடையது?

அலகின் மேல் மூச்சு விட்டாள். ஈரம் பட்டதும் முறுக்குக் கோடுகள் இரண்டு பாம்புகளாக எழுந்து கைப்பிடியை நோக்கி ஓடின. ஒன்று பாதியில், தலையே இல்லாமல் நின்றுபோனது. அடித்த கொல்லனுக்கு அந்த இடத்தில் கம்பி போதவில்லை. 'என் பாம்புக்குத் தலை இல்லக்கா, யாரைக் கடிக்கணும்னு நான்தான் யோசிக்கணும்' என்று ஐஸ்தீன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

வீட்டு வாள் ஐஸ்தீனோடு கடல் தாண்டிப் போயிருந்தது. வேமுந்த் இந்தச் சடங்குக்கென்று வாங்கிய வாளோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"அதை உள்ள வைங்கப்பா. நம்ம வீட்டு வாளை மாப்பிள்ளையே கொண்டாந்துட்டாரு."

வேமுந்த் குனிந்து அலகைப் பார்த்தார். தலையில்லாத பாம்பின் மேல் அவர் விரல் நின்றது. ஓட்கெல் வாளைப் பிடுங்கக் கை நீட்டினான், அவள் விடவில்லை.

"இதை யாரும் வளைக்கவே இல்லையே," என்றாள். "அப்ப அவனைப் புதைக்கக்கூட இல்லையா? எங்கடா போட்டே என் தம்பியை?"