இரண்டு கை பட்ட ரிலே

பட்டறையில் அவளுக்கு 'மறுபடி' என்று பெயர். இறுக்கிய நட்டை மறுபடி இறுக்கிப் பார்க்கிறவள். அன்று காலை முதன்முறையாக அவளைத் தனியாக வெளிவேலைக்கு அனுப்பினார் பட்டறை முதலாளி.

"வண்டி நிக்கிற இடத்துலயே ஸ்டார்ட் ஆகணும். பதினொரு மணிக்குள்ள முடியலன்னா போன் பண்ணு, கட்டி இழுத்துட்டு வந்துடலாம். ஆனா அப்புறம் நீ பழையபடி பஞ்சர் பக்கம்தான்" என்றார். அவர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை.

சலவைக் கடையின் பின்வாசலில் வெள்ளை வேன் நின்றது. உள்ளே துவைத்து மடித்த படுக்கை விரிப்புகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. கடை நடத்தும் அக்கா வாசற்படியில் நின்றாள். அவளுக்கு வலப்பக்கம் கணவர், இடப்பக்கம் தம்பி. மாமனும் மச்சானும் முகம் கொடுத்துப் பேசி நாலு மாதமாகிறது. கடை ஏணி உடைந்ததற்கு யார் காரணம் என்பது இன்னும் தீராத வழக்கு.

"சாவியத் திருப்பினா சின்னச் சத்தம்கூட இல்லம்மா" என்றாள் அக்கா.

"யாராவது எதையாவது தொட்டீங்களா?"

கணவர் முன்னால் வந்தார். "ஸ்டார்ட்டர் ரிலே போச்சோன்னு பாத்தேன். ஹார்னுக்கும் அதே மாதிரிதான் இருக்கு, ரெண்டையும் இடம் மாத்திப் போட்டேன். அப்பவும் வண்டி எடுக்கல. அதனால ரிலே இல்ல, நீங்க வேற பாருங்க."

சாவி இடும் கட்டளையை ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற, தீப்பெட்டியை விடச் சின்னக் கறுப்புப் பெட்டிதான் ரிலே. விவரம் தெரிந்த மனிதராகத்தான் பேசுகிறார் என்று நினைத்து, அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

"நீங்கண்ணா?"

தம்பி வானத்தைப் பார்த்தபடி சொன்னான்: "பேட்டரி முனையெல்லாம் பூத்துப்போய் இருந்துச்சு. கழட்டி, தேச்சு, மாட்டினேன்."

பேட்டரி நன்றாக இருந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. கிளட்ச் மிதியடிக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சைப் பார்த்தாள். வண்டிக்கு அடியில் புகுந்து ஸ்டார்ட்டர் ஒயரைத் துடைத்து மாட்டினாள். மீட்டரைப் பிடித்துக்கொண்டு அக்காவைச் சாவி திருப்பச் சொன்னாள். ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் வரவே இல்லை. தன் மீட்டர் மேலேயே சந்தேகம் வந்து பேட்டரியில் வைத்துப் பார்த்தாள். மீட்டரில் கோளாறு இல்லை.

மணி பத்தரை. முதுகெல்லாம் மண். பஞ்சர் பக்கத்து முக்காலி மனக்கண்ணில் வந்து போனது.

வேறு வழியில்லாமல் ரிலே பெட்டியின் மூடியைத் திறந்தாள். சாவியின் கட்டளை ரிலே வரை ஒழுங்காக வந்தது. அதைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. ரிலேயைக் கழற்றினாள். அதன் தலையில் நீல மையில் ஒரு புள்ளி.

"சார், இந்தப் புள்ளி?"

"நான் வெச்சதுதான். குழம்பிடக் கூடாதுன்னு ஸ்டார்ட்டர்ல இருந்த பழசுல வெச்சேன். அது இப்ப ஹார்ன் இடத்துல இருக்கும்."

"இல்லையே. ஸ்டார்ட்டர் இடத்துலதான் இருக்கு."

"நான் மாத்தினேன்மா! என் கையால மாத்தினேன்!"

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கதவுக் கீலை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"அண்ணா, பேட்டரி தவிர வேற எதையும் தொட்டீங்களா?"

"தொடலன்னு சொல்ல முடியாது" என்றான் மெதுவாக. "நானும் ரிலேயை மாத்தினேன்."

"எப்போ?"

"ஆறரைக்கு பேட்டரி ஒயரக் கழட்டி வெச்சுட்டு உப்புத்தாள் தேடப் போனேன். வந்து தேச்சு மாட்டினேன், அப்படியே ரிலேயையும் மாத்தினேன். ரெண்டையும் முடிச்சுட்டுத்தான் சாவி போட்டேன்."

"சார், நீங்க எப்போ மாத்தினீங்க?"

"ஆறே முக்கால் இருக்கும். அப்ப இவன் இங்க இல்ல."

அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. "அட கடவுளே! அவன் ஒயரக் கழட்டிப் போட்டிருந்த நேரத்துல இவரு சரியா மாத்திட்டு, எடுக்கலன்னு போயிட்டாரு. இவன் வந்து ஒயர மாட்டிட்டு, சரியா இருந்ததத் திரும்பக் கெடுத்துட்டான். நாலு வார்த்தை பேசியிருந்தா ஏழு மணிக்கே வண்டி கிளம்பியிருக்குமேடா!"

"அக்கா, அவர்கிட்ட சொல்லு. பானட் திறந்து கிடந்தா பேட்டரி ஒயரப் பாக்கணும்னு."

"அவன்கிட்ட சொல்லு. கழட்டினா ஒரு சீட்டு எழுதி வெக்கணும்னு."

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?"

மறுபடி இரண்டு ரிலேயையும் இடம் மாற்றினாள். அக்கா சாவியைத் திருப்பினாள். வேன் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. ஹார்ன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மணி பத்தே முக்கால்.

முதலாளிக்குப் போன் செய்தாள்.

"என்ன கோளாறு?"

"ரிலேண்ணே."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

மாமன், மச்சான் கதையைச் சொன்னாலே போதும். குற்றம் அவர்கள் தலையில் விழும். அவள் விரல் போனின் ஓரத்தைத் தேய்த்தது.

"மாத்திப் பாத்தாச்சுன்னு அவங்க சொன்னாங்க. நானும் நம்பி அதத் தொடல. ஒரு மணி நேரம் போனது என்னாலதாண்ணே."

அந்தப் பக்கம் ஏதோ ஸ்பேனர் கீழே விழும் சத்தம். பிறகு முதலாளியின் குரல்.

"புது ரிலே ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு, ஹார்ன் அடிச்சுப் பாத்துட்டு வா. இன்னொரு இடத்துல ஒரு டாக்ஸி ஸ்டார்ட் ஆகாம நிக்குது. நாளைக்கு எட்டு மணிக்கு நீயே போயிடு. யார் என்ன சொன்னாலும் முதல்ல உன் கையால பாரு."