கூப்பிட்ட குரலுக்கு

மணி அடித்தால் ஓட வேண்டும் என்று எலிக்கு நாங்கள்தான் பழக்குகிறோம். பெட்டியின் நடுவே ஒரு சின்ன வாசல். மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் கம்பித் தரையில் ஷாக் சுருக்கென்று பாயும். அதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டால் தப்பிக்கலாம். எந்த மக்கு எலியும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். பிறகு மனநோய் மருந்தை ஊசியில் ஏற்றி மறுபடி மணி அடிப்போம். எலி அப்படியே உட்கார்ந்திருந்து, ஷாக் பட்ட பிறகு நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஷாக் பட்டும் நகராவிட்டால் அளவு கூடிவிட்டது. கடலூர் ரோட்டில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இதைப் பார்த்துக் குறிப்பதுதான் என் உத்தியோகம்.

பஸ் பிடித்து பாகூருக்கு வந்தால் வீட்டிலும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். என் கணவர் புகழ்வேந்தன். போன வருஷம்வரை அவர் காதில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். கரும்புக் கொல்லையில் ஆள் ஒளிந்திருக்கிறான் என்று அரிவாளோடு ஓடுவார், நான் பின்னால் ஓடுவேன். மாத்திரை ஆரம்பித்ததும் குரல்கள் நின்றன. அந்த மாத்திரைக்குக் கோயிலே கட்டலாம் என்று நினைத்தேன். கூடவே பசி வந்தது, தொப்பை வந்தது, தூக்கம் வந்தது. ஆள் நல்லா தேறிட்டாரே என்று ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். தேறினாரா ஊதினாரா என்பது எனக்குத்தான் தெரியும்.

கூப்பிட்டால் எழ மாட்டார். மோட்டாருக்குக் கரண்ட் வந்துவிட்டது என்று கத்துவேன், உட்கார்ந்தே இருப்பார். தோளைப் பிடித்து உலுக்கினால்தான் எழுவார். நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஒருநாள் சாயங்காலம் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

“இன்னா, காது கேக்குதா இல்லியா?”

“கேக்குது.”

“அப்புறம் இன்னா?”

“எழுந்துக்கணும்னு தோணல, அனிதா.” உட்கார்ந்தபடியே சொன்னார். “ஒங்க எலி உக்காந்துனு இருந்தா மருந்து நல்லா இருக்குன்ற. நான் உக்காந்துனு இருந்தா சோம்பேறின்ற.”

என் வேலையைப் பற்றி நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் கணக்குப்படி அவர் சரியான அளவில்தான் இருந்தார். உலுக்கினால் எழுகிறாரே.

அதன் பிறகுதான் வெண்ணிலாவைக் கவனித்தேன். எங்கள் மகள், இரண்டாம் வகுப்பு. பஸ்ஸில் ஏற்றிவிட வரச் சொல்லி தினமும் காலையில் “அப்பா, வாப்பா” என்று அவரிடம் நச்சரிப்பாள். இப்போது கூப்பிடுவதே இல்லை. எப்போது நிறுத்தினாள் என்று யோசித்தேன், தெரியவில்லை. எலியைக் கண்கொட்டாமல் பார்க்கிறவள் பெற்ற பிள்ளையைப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் போனோம். அளவைக் குறைக்கலாம், ஆனால் குரல் திரும்பி வரலாம், வந்தால் உடனே கூட்டி வர வேண்டும் என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் இவர், “கொறச்சிடுங்க சார். எம் பொண்ணு கூப்டா நான் எழுந்து போணும்,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அரிவாளைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தேன்.

குரல்கள் இதுவரை வரவில்லை. நான்தான் நாய் குரைத்தால்கூட விழித்துக்கொள்கிறேன். அசதி எலும்புக்குள் இறங்கிவிட்டது.

போன திங்கட்கிழமை காலை, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். இவர் குளித்து, சட்டை போட்டு, செருப்பும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். யாரும் எழுப்பவில்லை, உலுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றைக்கு அவளே கூப்பிடட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

வெண்ணிலா பையை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

“அம்மா, பஸ் வந்துடும், வா.”

“எனக்கு வேல இருக்குடி. அப்பாவ கூப்டு.”

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு என் முந்தானையை இழுத்துக் குனிய வைத்து, அவர் மனசு நோகக் கூடாது என்பதுபோல் என் காதோடு சொன்னாள்.

“கூப்டா அப்பா வராதும்மா. நீயே வா.”

எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு மெதுவாகத்தான் சொன்னாள். வாசலில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.